டபுள் கெப்பின் பின் ஸ்லைடிங் கண்ணாடி கடகடத்தால்: சத்தத்தைக் கேட்டுக் காரணம் பிடிக்கும் வழி

பின் சீட்டுக்கு மேலே தள்ளித் திறக்கிற கண்ணாடி உள்ள கெப் மலைநாட்டில் ஓடினால், என்றாவது ஒரு நாள் அந்தக் கண்ணாடி கடகடக்கத்தான் செய்யும். காபட் ரோட்டில் சத்தமில்லாமல் வருவது தோட்டத்துக் கல் ரோட்டில் இறங்கியதும் ஆரம்பித்துவிடும். எங்கள் கராஜுக்கு இந்தக் குறையோடு வருகிற பல பேர், வரும்போதே "லொக்கை மாத்துங்க" என்றுதான் சொல்வார்கள். வேறு சிலர் சத்தம் தாங்காமல் சிலிக்கன் அடித்துக் கண்ணாடியையே ஒட்டிவிட்டு வருவார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாத வேலை. சத்தம் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று கவனித்தால் காரணம் அநேகமாக அகப்பட்டுவிடும். காசு செலவாகாத வேலையில் தொடங்கி, முடியாத கட்டத்தில் மட்டும் ஆளிடம் கொடுத்தால் போதும்.

முதலில், சத்தம் கண்ணாடியில்தானா?

தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம். நம்முடைய ரோடுகள் அதற்கு ஏற்றவை இல்லை. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் சீட்டில் உட்கார வேண்டும். ரேடியோ, ஃபேன் இரண்டையும் நிறுத்தி, பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் கல் ரோட்டில் போங்கள்.

கிளம்புவதற்கு முன் பின் சீட்டுப் பக்கத்தைக் காலி செய்யுங்கள். பல டபுள் கெப்களில் ஜாக்கியும் வீல் ஸ்பெனரும் பின் சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோதான் இருக்கும். அவற்றைக் கட்டியிருக்கும் பட்டி தளர்ந்தால் வரும் சத்தம் அச்சு அசலாகக் கண்ணாடிச் சத்தம் போலவே கேட்கும். இரும்பும் தகடும் மோதுகிற சத்தம் கெபினுக்குள் சுற்றி, கண்ணாடியிலிருந்து வருவது போல ஏமாற்றும். சீட் பெல்ட் கொக்கி, சீட்டின் சாய்மானத்தைப் பிடிக்கும் கொளுவி இரண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். வெளியே படங்குக் கயிற்றின் கொக்கி, வெறும் மரக்கறிக் கூடை, பின் கதவு, இவையெல்லாம் ஆடாமல் இருக்கட்டும்.

அப்புறம் உள்ளங்கைச் சோதனை. சத்தம் வரும்போது பின் சீட்டில் இருப்பவர் உள்ளங்கையை விரித்து, நகரும் கண்ணாடியை மெல்ல அழுத்த வேண்டும். நின்றால் காரணம் அங்கேதான். நிற்காவிட்டால் நகராத கண்ணாடி, பிறகு பிரேம், பிறகு மேலே உள்ள பிரேக் லைட் கவர் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தியபோது நின்றது என்பதை நினைவில் வையுங்கள். எதை அழுத்தியும் நிற்கவில்லை என்றால் பிரச்சினை கண்ணாடியில் இல்லை. கெபினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர், பெட்டியின் முன் கம்பி, லோடு ஏற்றும்போது வைத்த காற்றைக் குறைக்காமல் வெறும் வண்டியாக ஓட்டும் டயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

மூடியிருக்கும்போது கல் ரோட்டில் கடகடவென்று வந்தால்

அதிகம் பார்க்கிற குறை இதுதான். நகரும் கண்ணாடியை அழுத்தினால் சத்தம் நிற்கும், கையை எடுத்தால் திரும்ப வரும்.

பள்ளத்தைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. கண்ணாடி ஓடும் கீழ்ப் பள்ளத்தில் எங்கள் ஊர் வண்டிகளில் கிடைப்பவை: டர்பன்டைன் மர இலைத் துணுக்கு, லீக்ஸ் மண், உர மணி, டொலமைட் தூள். இதில் டொலமைட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். தேயிலை மலைக்கு டொலமைட் மூட்டை ஏற்றும் கெப்பில் அந்த வெள்ளைத் தூள் வெல்வெட்டுக்குள் (பள்ளத்தின் பக்கங்களில் ஒட்டியிருக்கும் நார்ப் பட்டி) ஏறி உட்கார்ந்து, கண்ணாடி நகரும் ஒவ்வொரு முறையும் அதைத் தேய்க்கும். உர மணி ஈரம் பட்டுக் கரைந்தால் அலுமினியப் பள்ளம் வெள்ளை பூத்து அரிக்கும்.

விளக்குமாற்று ஈர்க்கால் தூசியைக் கிளறி எடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பள்ளம் நெடுகத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்குரூ டிரைவரை உள்ளே விட வேண்டாம், பெயின்ட் கீறினால் அங்கே அரிப்பு பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் வேலை இத்துடன் முடிந்துவிடும். கீழே மண் கட்டியாக இறுகியிருந்ததால் கண்ணாடி சாய்ந்து நின்று ஆடியிருக்கும்.

சத்தம் போகவில்லையா? அட்டைச் சோதனை செய்யுங்கள். வெற்றுத் தேயிலைப் பெட்டி அட்டையில் ஒரு துண்டை வெட்டி இரண்டாக மடித்து, நகரும் கண்ணாடிக்கும் மேல் பள்ளத்துக்கும் இடையில், உள்பக்கமாகச் செருகுங்கள். இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. அதே ரோட்டில் அதே வேகத்தில் போங்கள். சத்தம் நின்றால் வெல்வெட் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்யலாம். நிற்காமல், லொக் பிடியைக் கையால் இறுக்கிப் பிடிக்கும்போது மட்டும் நின்றால் லொக்கில்தான் குறை. அதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லொக்கை மாற்றிவிட்டும் சத்தம் போகாமல் வருகிறவர்கள் அதிகம். கொழுந்து மடுவத்துக்கு ஓடும் கெப்பின் டிரைவர் ஒருவர் அப்படித்தான் கேட்டார்: "அண்ணே, புது லொக் போட்டும் போகலையே?" எங்கள் பாஸ் சொன்ன பதில்தான் இந்தக் குறையின் முழு விளக்கமும். "லொக்கு பிடிக்கிறது பக்கவாட்டுல தம்பி. முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுறதப் பிடிக்கிறது வெல்வெட்டுதான்." கல் ரோட்டில் கெபின் குலுங்கும்போது கண்ணாடி ஆடுவது முன்னும் பின்னுமாக. அதனால் எவ்வளவு நல்ல லொக் போட்டாலும் வெல்வெட் இல்லாத பள்ளத்தில் கண்ணாடி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

வெல்வெட் என்று நாங்கள் சொல்வது, கண்ணாடி ஓடும் பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் குட்டை நார்ப் பட்டி. நல்ல நிலையில் இருந்தால் விரலால் தடவும்போது மெத்தென்று இருக்கும், நார் சாய்ந்து நிமிரும். தேய்ந்தது வழுவழுவென்று பளபளக்கும், சில இடத்தில் அடிப்பட்டியே வெளியே தெரியும். டோர்ச் அடித்து மேல் பள்ளத்தைப் பாருங்கள். கீழ்ப் பள்ளத்தில் கண்ணாடியின் பாரம் உட்கார்ந்திருப்பதால் அங்கே ஆட்டம் குறைவு. மேலே பாரம் இல்லை, இடைவெளி மட்டும்தான் உண்டு. சத்தம் பிறக்கும் இடம் பெரும்பாலும் அந்த மேல் பள்ளம்தான்.

இதைச் சரி செய்ய இரண்டு வழி.

ஒன்று, திட்டுப் போடுவது. பசையோடு வரும் நார்ப் பட்டியை 3 அல்லது 4 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, மேல் பள்ளத்தில் உள்பக்கமாக இரண்டு ஓரத்திலும் ஒட்டுவது. அலுமினிய ஜன்னல் செய்கிற கடைகளில் ஸ்லைடிங் ஜன்னலுக்குப் போடும் பட்டி இதற்குப் பொருந்தும். பழைய வெல்வெட்டில் ஒரு துண்டைக் கையோடு கொண்டு போங்கள். அடிப்பட்டியின் அகலம், நாரின் உயரம் இரண்டும் ஒத்துப் போக வேண்டும். நார் உயரமாக இருந்தால் கண்ணாடி இறுகி, தள்ளும்போது லொக் பிடி உடையும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காய வையுங்கள். இந்த வேலையை நண்பகலில் செய்வது நல்லது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் உறைபனியும் விழும். அந்தக் குளிரில் எந்தப் பசையும் தகட்டில் பிடிக்காது. ஹெயார் டிரையர் இருந்தால் பள்ளத்தைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

இரண்டாவது, வெல்வெட்டை முழுவதும் மாற்றுவது. இதற்கு நகரும் கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டும், பல மாதிரிகளில் அதற்காகப் பிரேமையே கழற்ற வேண்டி வரும். பிரேம் சுற்று ரப்பரில் உட்கார்ந்திருந்தால், பழக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து கழற்றிப் பூட்டலாம். பசையில் ஒட்டியிருந்தால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். திட்டுப் போட்டே பல வண்டிகள் நீண்ட காலம் சத்தமில்லாமல் ஓடுகின்றன, ஆகவே நான் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

எண்ணெய் விடுவது பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது ஏறத்தாழ 24 பாகையில் உறையும், நானுஓயாவிலும் கந்தப்பளையிலும் வருடத்தில் பெரும்பாலான காலைகள் அதைவிடக் குளிர். உறைந்த எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் பசையாக நிற்கும். கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். சிலிக்கன் ஸ்பிரே ஒன்றுதான் சரி. அதையும் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள்.

வளைவில் திரும்பும்போது "டக்" என்று ஒரு அடி

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு "டக்". கடகட இல்லை, ஒரே ஒரு அடி. திரும்பும் பக்கம் மாறினால் அடி விழும் ஓரமும் மாறும். கண்ணாடி பக்கவாட்டில் நகர்ந்து போய் மோதுகிறது, இங்கே லொக்தான் காரணம்.

முதலில் லொக் முழுவதாக விழுகிறதா என்று பாருங்கள். நாக்கு விழும் குழியில் மண் அடைத்திருந்தால் அது பாதிதான் விழும். ஈர்க்கால் சுத்தம் செய்யுங்கள். அடுத்து, பூட்டிய பிறகு கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் அசைந்தால், லொக் நாக்கு விழும் சிறிய தகட்டைக் கவனியுங்கள். அதைப் பிடிக்கும் ஸ்குரூக்களின் துளை நீளமாக இருந்தால் தகட்டை நகர்த்தி வைக்க முடியும். ஸ்குரூவைத் தளர்த்தி, கண்ணாடி இறுகும் பக்கமாக ஒரு மில்லிமீற்றர் நகர்த்தி முறுக்குங்கள். மெதுவாக முறுக்குங்கள், லொக்கின் அடிப்பாகம் கண்ணாடியில் துளையிட்டுப் பூட்டப்பட்டிருந்தால் அதிகமாக முறுக்குவது ஆபத்து. பின் கண்ணாடிகள் பொதுவாக டெம்பர் செய்தவை. ஓரத்தில் ஒரு சிறு வெடிப்பு விழுந்தாலும் முழுக் கண்ணாடியும் சில்லுச் சில்லாகக் கொட்டிவிடும். அதே காரணத்தால், புதிய லொக் போடுவதற்காகக் கண்ணாடியில் துளை போடவோ ஓரத்தை ராவவோ யாரையும் விடாதீர்கள்.

தகட்டை நகர்த்தியும் போகவில்லை என்றால் நாக்கு தேய்ந்திருக்கும். நாக்கின் மேல் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றி ஒரு நாள் ஓடிப் பாருங்கள். சத்தம் நின்றால் லொக்கை மாற்ற வேண்டியதுதான், அப்போது செய்யும் செலவு வீணாகாது. லொக் தனியாகக் கிடைக்காத மாதிரிகளும் உண்டு. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால், பழைய லொக்கைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். போட்டோவை மட்டும் வைத்து வாங்கினால் துளைகளின் இடைவெளி பொருந்தாமல் போகும்.

மூடிய நிலையில் கண்ணாடி இறுதியாகத் தட்டி நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் குமிழ் இருக்க வேண்டும். அது விழுந்துபோயிருந்தாலும் இதே "டக்" வரும். சீட்டுக்குக் கீழே தேடிப் பாருங்கள், பல தடவை அங்கேயே கிடக்கும்.

வண்டி நிற்கும்போது, எஞ்சின் ஓடினால் மட்டும் "கிர்ர்" என்று

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் வரும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் போகும். மேல் பிரேக் லைட் கவரையும் லொக் பிடியையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். கவர் என்றால் அதன் ஸ்குரூவை முறுக்கி, உள் விளிம்பில் மெல்லிய ஸ்பொஞ் டேப் ஒட்டினால் போதும். லொக் பிடி என்றால் அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

இரண்டுமே இல்லாமல் பின் சுவர் முழுவதும் நடுங்கினால் கண்ணாடியை விட்டுவிட்டு எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகும் நடுக்கம் குறையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கண்ணாடிக்குச் செய்யும் எந்த வேலையும் அதைத் தீர்க்காது.

கீச் கீச் என்று உராயும் சத்தம்

மழை நாளில் இருக்காது, வெயில் வந்தால் வரும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறிக் கெபின் முறுகும்போது அதிகமாகும். காய்ந்த ரப்பர் கண்ணாடியில் உராய்கிறது. ஈரத் துணியால் ரப்பர் நெடுகத் துடைத்து உடனே ஓட்டிப் பாருங்கள். ஈரம் இருக்கும் வரை சத்தம் இல்லையென்றால் காரணம் அதுதான். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் துணியில் எடுத்த சிலிக்கன் ஸ்பிரேயை ரப்பரில் மட்டும் தடவுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

ரப்பர் வெடித்து, நகத்தால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தால் தடவிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

சத்தத்தோடு பின் சீட்டும் நனைந்தால்

இதைத் தள்ளிப் போடாதீர்கள். வைகாசியில் தென்மேல் மழை பிடித்தால் ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் நாள் கணக்கில் விடாது. தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் நிற்கும். வெளியே தெரியாமலே தகடு துருப்பிடிக்கும்.

கீழ்ப் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் உண்டு. ஒரு கோப்பைத் தண்ணீரைப் பள்ளத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வெளிப்பக்கம் வழிந்து வந்தால் துளை திறந்திருக்கிறது. பள்ளம் நிரம்பி உள்ளே வழிந்தால் அடைப்பு, ஈர்க்கால் குத்தி எடுங்கள்.

துளை சரியாக இருந்தும் நனைகிறதா? கெபினுக்குள் ஒருவர் காய்ந்த பத்திரிகைத் தாளைப் பின் சுவரில் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். வெளியே இருந்து ஹோஸ் பைப்பால் கீழ் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்று தெரியாது. மேல் பிரேக் லைட்டுக்கு வரும்போதுதான் தாள் நனைந்தால் லைட்டின் சுற்று ரப்பர் போயிருக்கிறது. அது வீட்டிலேயே மாற்றக்கூடிய சின்ன வேலை, கண்ணாடிமேல் பழி விழும் வண்டிகளில் பலவற்றில் உண்மைக் காரணம் இதுதான். பிரேமின் ஓரத்தில் நனைந்தால் பசை விட்டிருக்கிறது, கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

பாதி திறந்திருக்கும்போது மட்டும் ஆடினால்

வெல்வெட் நல்ல நிலையில் இருந்தாலும் பாதி திறந்த கண்ணாடிக்கு ஒரு பக்கப் பிடிமானம் குறைவு, கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இடையில் நிற்கும் பல் உள்ள மாதிரி என்றால் அந்தப் பல்லில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முழுவதும் திறங்கள், அல்லது மூடுங்கள். இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

வேகத்தில் விசில் சத்தம்

மூடிய கண்ணாடியின் இடுக்குகளை வெளிப்பக்கமாக மாஸ்கிங் டேப்பால் ஒட்டி ஓடிப் பாருங்கள். விசில் நின்றால் டேப்பைப் பகுதி பகுதியாக உரித்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். அநேகமாக நகரும் கண்ணாடியும் நகராத கண்ணாடியும் சந்திக்கும் நடுக் கம்பியின் ரப்பர் தளர்ந்திருக்கும்.

கண்ணாடி பாஸிடம் கொடுக்க வேண்டிய கட்டம்

பிரேமின் மூலையை உள்ளிருந்து பெருவிரலால் அழுத்தும்போது அது தகட்டிலிருந்து விலகி அசைந்தால், பிரேமைச் சுற்றித் துரு பொங்கியிருந்தால், கெபினின் பின் மூலையில் பெயின்ட் கோடு போல வெடித்திருந்தால், நகராத கண்ணாடியில் கீறல் இருந்தால், மோட்டாரில் நகரும் கண்ணாடி பாதியில் நின்றால், அதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். கெபின் மூலை வெடிப்பு என்றால் தகடு வேலை செய்யும் டிங்கரிங் பாஸ்தான் முதலில் பார்க்க வேண்டும். உடல் முறுகிய வண்டியில் புதுக் கண்ணாடி போட்டாலும் அது தளர்ந்துவிடும்.

ஒட்டு விட்ட பிரேமுக்கு மேலாலே சிலிக்கன் அடித்துத் தர ஒத்துக்கொள்ளாதீர்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கன் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிட மோசம், சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு சரியான பசை ஒட்டாது, பெயின்டும் பிடிக்காது. நீங்களாக ஏற்கனவே அடித்திருந்தால், சிலிக்கன் ஸ்பிரேயை அந்த ஓரங்களில் தடவியிருந்தால்கூட, அதை முதலிலேயே பாஸிடம் சொல்லிவிடுங்கள். பிரேமைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, கண்ணாடிக்கான யூரித்தேன் பசையில் மறுபடி உட்கார வைப்பதுதான் முறையான வேலை.

அந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்து இறுகும், ஆனால் குளிர் அதைத் தாமதப்படுத்தும். கொழும்பில் இறுகும் நேரத்தில் நுவரெலியாவில் இறுகாது. டியூபில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேலும் வண்டியை நிறுத்தி வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விடுங்கள், முடிந்தால் ஒரு இரவு முழுவதும் கூரைக்குக் கீழே. எடுத்துக்கொண்டு போகும் நாளில் கதவுகளை அடித்துச் சாத்தாமல், ஒரு பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அடைத்த கெபினில் கதவு சாத்தும்போது எழும் காற்றழுத்தம் இறுகாத பசையைத் தள்ளிவிடும். கல் ரோடு உள்ள தோட்டமாக இருந்தால் அன்றைக்கு மட்டும் வண்டியை மேலே ஏற்றாமல் டவுனிலேயே விட்டுவிடுங்கள்.